அறுத்துக்கொண்டு போன மீன்கள்

கின்னஸ் புத்தகத்தில் ஒரு தோல்வி சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. 1968 ஜனவரி 21-ஆம் தேதி, நியூசிலாந்தின் டவ்ரங்கா நகருக்கு எதிரே மேயர் தீவுக் கடலில், டோனல் ஹீட்லி என்பவரின் தூண்டிலில் ஒரு கறுப்பு மார்லின் மாட்டியது. நம் கடலில் மயில் மீன் என்கிறோமே, அதற்குச் சொந்தம்தான். ஆனால் உருவத்தில் பல மடங்கு பெரிது. இழுத்துப் பார்த்தார், விட்டுப் பிடித்தார், மறுபடி இழுத்தார். பொழுது சாய்ந்தது, இரவு போனது, மறுநாள் விடிந்தும் மீன் அசரவில்லை. பன்னிரண்டு டன் லாஞ்சை 50 மைல் தூரம் பின்னால் இழுத்துக்கொண்டே போய், 32 மணி 5 நிமிடத்துக்குப் பிறகு தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு தனி ஆள் ஒரு மீனோடு மல்லுக்கட்டிய மிக நீண்ட நேரம் என்று கின்னஸ்காரர்கள் எழுதி வைத்தது இதைத்தான். படகுக்குள் ஒரு செதில்கூட வரவில்லை.

அந்த மீனுக்கு இருபது அடி நீளம், 1,500 பவுண்டு எடை என்று மதிப்புப் போட்டார்கள். ஏறக்குறைய 680 கிலோ. இங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. தூண்டிலில் பிடிபட்ட கறுப்பு மார்லின்களில் இன்றுவரை முதலிடத்தில் இருப்பது 1953 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாஸல் பிடித்த மீன். எடை 1,560 பவுண்டு. நீளமோ பதினாலரை அடியை ஒட்டித்தான். அப்படியானால் ஹீட்லியின் மீன் நிஜமாகவே இருபது அடி இருந்திருந்தால் அதன் எடை இன்னும் எவ்வளவோ கூடுதலாக இருந்திருக்க வேண்டும். எடை சரியென்றால் நீளம் தப்பு. தப்பிப் போன மீனைத் தராசில் ஏற்ற முடியாது என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே புத்தகத்தில் இருக்கின்றன.

கிளாஸல் தன் மீனைப் படகுக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்டது ஒன்றே முக்கால் மணி நேரம். கனமான கம்பு, கனமான நரம்பு, உட்கார்ந்து இழுக்கத் தோள்பட்டி வைத்த நாற்காலி, மீன் போகிற பக்கமெல்லாம் படகைத் திருப்பத் தெரிந்த ஓட்டுநர். எல்லாம் கூடிவந்தால் முக்கால் டன்னை நெருங்கும் மீன்கூட இரண்டு மணி நேரத்துக்குள் பக்கத்தில் வந்துவிடும். அப்படியிருக்க, வேண்டுமென்றே மெல்லிய நரம்பையும் இலேசான கம்பையும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற ஒரு கூட்டம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. மெலிந்த தூண்டிலில் பெரிய மீன் பிடிப்பது இவர்களுக்குக் கௌரவம். கடலை நம்பிப் பிழைக்கிறவரிடம் இதைச் சொன்னால், நம்மூரானாலும் சரி நியூசிலாந்தானாலும் சரி, பைத்தியமா என்றுதான் கேட்பார். பத்து கிலோ மீன் வருகிற இடத்தில் ஐந்து கிலோ தாங்குகிற தங்கூஸ் நரம்பைக் கட்டினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இந்தக் கௌரவத்துக்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு. கலிபோர்னியாக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற கேட்டலினா தீவு. சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் என்ற இயற்கை ஆய்வாளர் 1880-களில் அங்கே போனபோது, கரையில் நின்றபடி கைக்கயிற்றால் எல்லோடெயில் மீன்களை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோடெயில் நம் பாரை மீன் குடும்பம்தான். தடித்த கயிறு, கனத்த முள், கடித்த அடுத்த நிமிடம் கரையில். தின்ன ஆளில்லாமல் மீன்கள் அழுகிக் கிடந்தன. ஹோல்டருக்கு அது பிடிக்கவில்லை. (பாசடினா நகரில் புத்தாண்டன்று நடக்கும் ரோஜா ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரும் இவரே. மனிதருக்கு ஊர்கூட்டி எதையாவது ஆரம்பிப்பதில் ஒரு ருசி.) 1898-இல் 183 பவுண்டு நீலத்துடுப்புச் சூரை ஒன்றைக் கம்பும் ரீலும் வைத்தே பிடித்துக் காட்டினார். அதே வருடம் அவலான் என்ற தீவு ஊரில் டூனா கிளப் எழுந்தது.

கிளப் போட்ட விதிகளின் சாரம் இதுதான்: கயிற்றால் இழுத்துப் போடுவது பிடிப்பு ஆகாது, மீனுக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்க வேண்டும். அப்போது நைலான் வரவில்லை. லினன் நூலை முறுக்கித்தான் தூண்டில் கயிறு செய்தார்கள். நனைந்த நிலையில் ஓர் இழை சுமார் மூன்று பவுண்டு தாங்கும். இழைகளை எண்ணினால் கயிற்றின் வலு தெரிந்துவிடும். பெரிய மீனுக்கு 24 இழை. மெல்லிய தூண்டில் பிரிவுக்கு ஒன்பது. அதிலும் திருப்தி வராத தாமஸ் பாட்டர் என்ற உறுப்பினர் ‘த்ரீ சிக்ஸ்’ என்ற பிரிவைக் கொண்டுவந்தார். ஆறடிக் கம்பு, ஆறு அவுன்ஸ் எடை, ஆறு இழை. பதினெட்டுப் பவுண்டில் அறுந்துவிடும் நூலை வைத்துக்கொண்டு அவர்கள் குறி வைத்தவை அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள மீன்கள். பிடித்தவர்களின் சட்டைக்குக் கிளப்பின் சின்னம் கிடைத்தது. அறுத்துக்கொண்டு போன மீன்களுக்குப் பதிவேட்டில் பத்தி ஒதுக்கவில்லை.

அந்த நாள் ரீலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்றைய ரீலில் டிராக் என்றொரு பிரேக் இருக்கிறது. மீன் ஓங்கி இழுத்தால் கைப்பிடி அசையாது, உருளை மட்டும் வழுக்கிக்கொண்டு நரம்பை விடும். ஆரம்பகால ரீலில் அது கிடையாது. மீன் ஓடினால் உருளையோடு சேர்ந்து கைப்பிடியும் பின்பக்கமாகச் சுழலும். விரலை எடுக்கத் தாமதித்தால் கணு பெயர்ந்துவிடும். வேகத்தை மட்டுப்படுத்த ரீலின் மேல் ஒரு தோல் பட்டை. அதைக் கட்டைவிரலால் நூலின் மேல் அழுத்த வேண்டும். சூடேறித் தோல் கருகும், பிறகு விரலும். இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டவர் அதே கிளப்பைச் சேர்ந்த வில்லியம் போஷன். அவர் யோசனை கொடுக்க, புரூக்ளினில் ஜூலியஸ் வோம் ஹோஃப் பட்டறையில் நட்சத்திர வடிவத் திருகு வைத்த டிராக் ரீல் உருவானது. 1913-இல் அந்த ரீலை வைத்து 355 பவுண்டு வாள்மீனைப் போஷன் பிடித்தார். கம்பும் ரீலுமாக ஒரு மனிதன் பிடித்த முதல் வாள்மீன் அது.

மெல்லிய தூண்டிலின் மேல் முதல் கல்லை எறிந்தவரும் வெளியாள் இல்லை. கௌபாய் கதைகள் எழுதிக் கோடீஸ்வரரான ஸேன் கிரே அதே கேட்டலினாவில் மீன் பிடித்தவர், அதே கிளப்பின் உறுப்பினர். 1919-இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் ஃபிஷஸ்’ நூலில் அவர் கேட்டது எளிமையான கேள்வி. ஒன்பது இழை நூலில் ஒரு மீனைக் கரை சேர்த்துவிட்டு மார் தட்டுகிறீர்களே, அதற்கு முன்னால் எத்தனை மீன் வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நூலோடும் போனது? அந்தக் கணக்கையும் சேர்த்தால் இது விளையாட்டா, வதையா? கிளப்புக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

கிரேயும் தப்பவிட்டவர்தான், கனமான தூண்டிலில். ஒரு வாள்மீனோடு பதினொன்றரை மணி நேரம் போராடியதை அவரே எழுதியிருக்கிறார். இவர் முதுகு விட்டுப்போய், கை மரத்துப்போய்க் கிடக்க, முள் மாட்டிய அந்த மீன் சாவகாசமாகப் பறவைக்கோலாக்களைத் துரத்தி இரை எடுத்துக்கொண்டிருந்ததாம். தன்னோடு ஒருவன் சண்டை போடுவதே அதற்குத் தெரியவில்லை. கடைசியில் போயும் விட்டது. எழுத்தாளர் ஆனதால் கிரேயால் அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. ஆனால் 1921-இல் கீத் ஸ்பால்டிங் என்பவரின் மனைவி, ஒல்லியான பெண்மணி, 426 பவுண்டு வாள்மீனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கிரேக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சொந்தச் சாதனை 418. யாரோ கை கொடுத்திருப்பார்கள் என்று வாய் விட்டார். விவகாரம் முற்றி, டூனா கிளப்போடு அவருடைய உறவு முறிந்தது. எட்டுப் பவுண்டு வித்தியாசம்!

சரி, மெல்லிய நரம்பு எப்படித்தான் அறுகிறது? மீன் பெரிது, நரம்பு சிறிது, அதனால் அறுந்தது என்று முடித்துவிடலாம். அப்படி நேரடியாக நடப்பது அபூர்வம். தண்ணீரில் மிதக்கும் மீனின் முழு எடையும் நரம்பில் தொங்குவதில்லை. 20 பவுண்டு நரம்பில் 200 பவுண்டு மீனைப் பிடிக்க முடிவதே அதனால்தான். அறுகிற கதை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

20 பவுண்டு நரம்பு என்றால் டிராக்கை ஐந்து அல்லது ஆறு பவுண்டில் வைப்பது வழக்கம். நரம்பின் வலுவில் கால் பங்கு, கொஞ்சம் கூட. மீன் அதற்கு மேல் இழுத்தால் உருளை வழுக்கி நரம்பைக் கொடுக்க வேண்டும். இப்போது மீன் ஒரே ஓட்டத்தில் இருநூறு மீட்டரை உருவிக்கொண்டு போகிறது. உருளையில் சுற்றியிருந்த நரம்பு குறையக் குறைய அதன் விட்டமும் சுருங்குகிறது. பிரேக்கின் பிடி மாறவில்லை, ஆனால் விட்டம் பாதியானால் நரம்பின் மேல் விழும் இழுவை இரண்டு மடங்கு. ஆறு பவுண்டாக இருந்தது யாரும் தொடாமலே பன்னிரண்டு ஆகிவிட்டது. கம்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தால் வளையங்களில் உராய்வு வேறு. அதே நேரம் மீன் இடது பக்கமாகத் திரும்புகிறது. தண்ணீருக்குள் கிடக்கும் நரம்பு நேர்க்கோடாகவா இருக்கும்? வில்லாக வளைந்து, அந்த வளைவு முழுவதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. மீன் இப்போது தூண்டில்காரரை இழுக்கவில்லை, கடலையே இழுக்கிறது. அந்தப் பாரமும் நரம்பின் தலையில்தான்.

இருநூறு மீட்டர் போய்விட்டதே என்ற பதற்றத்தில் நம்மாள் டிராக்கை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். டப்.

இறுக்க வேண்டிய நேரமே அது இல்லை. நரம்பு அதிகம் வெளியே போனால் டிராக்கைத் தளர்த்த வேண்டும், படகைத் திருப்பி மீனை நோக்கி ஓட்ட வேண்டும். அனுபவசாலிகள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தெரிந்திருந்தும் கை இறுக்கத்தான் போகும். ஓடுகிற எதையும் இறுக்கிப் பிடிப்பது மனித சுபாவம்.

அடுத்தது முடிச்சு. நடுவில் எங்கோ தானாக விழுந்த ஒரு சாதாரண முடிச்சு நரம்பின் வலுவைப் பாதியாக்கிவிடும். 20 பவுண்டு என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும் கையில் இருப்பது பத்து. நைலான் தண்ணீரில் ஊறினால் பத்துப் பதினைந்து சதவீத வலு இறங்கும். பழைய லினன் இதற்கு நேர்மாறு: நனைந்தால் வலு கூடும், ஆனால் தினமும் கழற்றி உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். முடிச்சால் வலு குறையக் கூடாது என்பதற்காகவே ‘பிமினி ட்விஸ்ட்’ என்றொரு பின்னல் முடிச்சு இருக்கிறது. இருபது சுற்று முறுக்கி, முழங்காலில் மாட்டி இழுத்து, ஒரு கை திரிக்க இன்னொரு கை விட, நரம்பு தன்மேலேயே அழகாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். சரியாகப் போட்டால் நரம்பின் வலு ஏறக்குறைய முழுசாக நிற்கும். சரியாகப் போடக் கற்பதற்குள் ஒரு சுருள் நரம்பு காலி.

எல்லாவற்றையும் தாண்டி, மீன் களைத்து, பக்கத்தில் வந்து, அதன் முதுகு தெரிகிற நேரம் இருக்கிறதே, பெரும்பாலான கதைகள் முடிவது அங்கேதான். இதுவரை இருநூறு மீட்டர் நரம்பு ரப்பரைப்போல நீண்டு கொடுத்து ஒவ்வொரு உதறலையும் வாங்கிக்கொண்டது. இப்போது வெளியே இருப்பது மூன்று மீட்டர். நீள்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மீன் படகைப் பார்க்கிறது, கடைசித் தெம்பைத் திரட்டி ஒரு வெட்டு வெட்டுகிறது. உட்கார்ந்திருக்கும் டிராக், ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கைவிட எப்போதும் சற்று முரண்டு பிடிக்கும். வழுக்க ஆரம்பிப்பதற்கு முன் அரை நொடி யோசிக்கும். அந்த அரை நொடி போதும். முள்ளும் அதுவரை சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேர இழுபறியில் தாடையில் தான் குத்திய ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கழுவுற மீனில் நழுவுற மீனாக அது தலையைத் திருப்ப, முள் தானாகக் கழன்று மேலே வந்து மினுங்கும்.

இதெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கூடி வருகிற மீன் டார்பன். அமெரிக்காவில், குறிப்பாகப் புளோரிடாவில், இதன் மேல் ஒரு வெறியே உண்டு. (இதன் சிறிய உறவுக்காரன் நம் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் திரிகிறான்.) வெள்ளித் தட்டு மாதிரிச் செதில், வாய்க்குள்ளே எங்கே தொட்டாலும் எலும்பு. பத்து முறை கடித்தால் சில முறைதான் முள் ஏறும். ஏறியதும் ஆகாயத்தில் பாயும். ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் தலையை இரண்டு பக்கமும் உதறி, நரம்பின் மேலேயே விழும். தண்ணீருக்குள் மிதந்த மீன் காற்றில் எழும்பும்போது முழு எடையோடு எழும்புகிறது. நரம்பு விறைப்பாக இருந்தால் அவ்வளவுதான். அதனால் அது பாயும் நொடியில் கம்பை மீன் பக்கமாகத் தாழ்த்தி, உடம்பையும் வளைத்து, நரம்பைத் தொளதொளவென்று விட வேண்டும். அங்கே இதற்கு ராஜாவுக்கு வணக்கம் வைப்பது என்று பெயர். வணக்கம் வைக்கத் தவறினவர்களின் மீன்கள் புளோரிடா முழுவதும் நீந்திக்கொண்டிருக்கின்றன.

டார்பனிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. அதன் காற்றுப்பை நுரையீரல் மாதிரியும் வேலை செய்யும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போனால் புதுத் தெம்பு. ஒரு மணி நேரம் இழுத்துக் களைக்க வைத்தது ஒரே மிடறில் வீண். ஆகவே தேர்ந்தவர்கள் அது மேலே வரப் பார்க்கும்போதெல்லாம் கம்பைத் தண்ணீருக்குள்ளேயே நுழைத்துக் கீழ்ப்பக்கமாக இழுப்பார்கள். மூச்சைத் தடுக்கும் சண்டை இது. விளையாட்டு என்று சொல்லிக்கொண்டாலும் இந்த இடம் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

1885-இல் வில்லியம் வுட் என்பவர் புளோரிடாவின் புண்டா ரஸ்ஸா பக்கம் 93 பவுண்டு டார்பனைக் கம்பும் ரீலும் கொண்டு பிடித்ததுதான் இந்த ஆட்டத்துக்குப் பிள்ளையார் சுழி. நூறு வருடத்துக்குள் இறகும் மயிரும் கட்டிச் செய்த பொய்யிரையை வீசிப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். ஹோமொசாசா கடற்பரப்பு அதற்குத் திருப்பதி மாதிரி. அங்கே 1982-இல் பில்லி பேட் 16 பவுண்டு நரம்பில் 188 பவுண்டு டார்பனைப் பிடித்தார். அதை முறியடிக்க அந்தப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. 2003-இல் டாம் எவன்ஸ் கொண்டுவந்தது 190 பவுண்டு 9 அவுன்ஸ். இதற்கிடையே 2001-இல் ஜிம் ஹாலண்ட் 20 பவுண்டு நரம்பில் 202 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைப் பிடித்து, இருநூறைத் தாண்ட முடியாது என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே ஓடிய அத்தனை வருடங்களில் அறுத்துக்கொண்டு போனவை எத்தனையோ. அவற்றில் 220 இருந்தது, 250 இருந்தது என்று சத்தியம் செய்ய ஹோமொசாசாவில் ஆள் உண்டு. இருந்தும் இருக்கலாம்.

இந்தச் சாதனைகளை ஏற்கிறதும் தள்ளுகிறதும் 1939-இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சுருக்கமாக ஐஜிஎஃப்ஏ. நரம்பின் வலுவை 2 பவுண்டு முதல் 130 பவுண்டு வரை படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனிச் சாதனை வைத்திருக்கிறார்கள். சாதனை கோருகிறவர் மீனைப் பிடித்த நரம்பையும் அனுப்ப வேண்டும். இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். 16 பவுண்டு படிக்கு விண்ணப்பித்த நரம்பு அதற்கு மேலும் தாங்கினால் அந்தப் படியில் மீன் செல்லாது. நரம்பு அறுந்தால் மீன் போச்சு. அறுக வேண்டிய இடத்தில் அறுகாவிட்டால் சாதனை போச்சு. இப்படியும் ஒரு மீனை இழக்கலாம், கரைக்குக் கொண்டுவந்து எடை போட்ட பிறகு.

போட்டிகளில் இதற்கு நேர் எதிரான வேடிக்கை. மார்லின், மயில் மீன் போட்டிகள் பலவற்றில் மீனைக் கொல்லாமல் விடுவதற்குத்தான் புள்ளி. படகில் உதவியாள் முள்ளுக்கு முன்னால் உள்ள தடித்த நரம்பைக் கையால் தொட்டுவிட்டாலோ, அதன் முடிச்சு கம்பின் நுனிக்கு வந்துவிட்டாலோ, மீன் பிடிபட்டதாகக் கணக்கு. மறுநொடி அறுத்துக்கொண்டு போனாலும் கவலையில்லை. எடைக்குப் பரிசு வைக்கும் போட்டியில் இந்தச் சலுகை கிடையாது. 2023 ஜூனில் வட கரோலினாவின் பிக் ராக் போட்டிக்கு ஒரு படகு 619.4 பவுண்டு நீல மார்லினைக் கொண்டுவந்தது. சுறா கடித்த காயத்தைக் காட்டி நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். பரிசு சுமார் 35 லட்சம் டாலர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த உதாரணம் கிடைக்காது.

சுறாவைச் சொன்னதும் ஸேன் கிரேயின் பழைய கேள்விக்கு வந்துவிட்டோம். நரம்பு எவ்வளவு மெலிதோ, சண்டை அவ்வளவு நீளம். சண்டை நீள நீள மீனின் தசையில் அமிலம் ஏறுகிறது, இரத்தத்தின் தன்மை மாறுகிறது. விட்டபின் நீந்திப் போவது போலத்தான் தெரியும். துரத்துகிறவனிடமிருந்து ஓடத் தெம்பு இருக்காது. புளோரிடாவின் போகா கிராண்ட் கால்வாயில், டார்பன் கூடுகிற காலத்தில் கொம்பன் சுறாக்களும் கூடுகின்றன. விடப்பட்ட டார்பன்களுக்குக் கருவி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அங்கே நடந்திருக்கிறது. பெரும்பாலானவை பிழைத்தன. செத்தவற்றில் பெரும்பங்கு சுறா வாய்க்குப் போனவை.

அதனால் அங்குள்ள வழிகாட்டிகளிடம் இப்போது ஒரு பழக்கம். கொம்பன் சுறாவின் துடுப்பு தெரிந்துவிட்டால் மீனை விட்டுவிடு என்று கத்துவார்கள். கம்பை மீன் பக்கம் நேராக நீட்டி, உருளையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தால், மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்துவிடும். டார்பன் தப்பிக்க அதுதான் ஒரே வழி. கனமான நரம்பாக இருந்தால் அறுக்கக் கத்தி தேட வேண்டும், அதற்குள் சுறா வந்துவிடும். மெல்லிய நரம்பின் பலவீனம் மீனுக்குச் சாதகமாகிற ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் பணம் கட்டி வந்தவர், வாழ்நாளில் பார்க்காத மீனோடு முக்கால் மணி நேரமாக நிற்பவர், உடனே அறுப்பாரா? பாதிப் பேர் வழிகாட்டியின் முகத்தைப் பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார்கள்.

சட்டம் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. 2013 முதல் புளோரிடாவில் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். நாற்பது அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக்கூடக் கூடாது. சாதனைக்கு எடை போட வேண்டுமானால் மட்டும் வருடத்துக்கு ஒன்று, ஐம்பது டாலர் சீட்டு வாங்கிக்கொண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் மார்லின் போட்டிகளில் இயற்கை இரை கட்டினால் வட்ட முள்தான் போட வேண்டும். நுனி உள்பக்கம் வளைந்த இந்த முள் விழுங்கப்பட்டாலும் குடலில் குத்தாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டும். அறுத்துக்கொண்டு போகிற மீன் வயிற்றில் முள்ளோடு போகாது. முள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கக் கூடாது, துருப்பிடித்து உதிரட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஐஜிஎஃப்ஏ 2011-இல் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு மீனை உயிரோடு விடும் சாதனைப் பிரிவு ஒன்றையும் ஆரம்பித்தது.

இதற்கெல்லாம் ஒரு படி மேலே போனவர்கள் மீனைப் படகுக்கே கொண்டுவருவதில்லை. டார்பன் கடிக்கட்டும், இரண்டு மூன்று முறை பாயட்டும், கண் நிறையப் பார்த்தாயிற்று. உடனே உருளையை அமுக்கி நரம்பை அறுத்துவிட வேண்டியது. மீனோடு போவது ஒரு பொய்யிரையும் ஓரடித் தடித்த நரம்பும். அன்று மாலை படகுத்துறையில் இவர்களிடம் எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள், எத்தனை பாய்ந்தது என்று கேளுங்கள் என்பார்கள். ஆறு பாய்ந்தது, ஏழு பாய்ந்தது என்று பதில் வரும். ஹோமொசாசாவில் சாதனைக்காகக் காத்திருக்கும் கிழவர்களுக்கு இந்தப் புதுக் கணக்கு அறவே பிடிப்பதில்லை.